ஊரைக் கேட்டு மலைக்குப் போவது

2022 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு அரிட்டாபட்டிக்குப் போனேன். மதுரையிலிருந்து மேலூர் போகும் பாதையில் கிளை பிரிந்தால் சுமார் 25 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அதை அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நண்பர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள் சிலர், முகநூலில் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. நான்தான் வழிகாட்டி. கல்வெட்டுகளை ஓரளவு படிக்கத் தெரியும் என்பதுதான் எனக்கு இருந்த தகுதி.

பாறையில் பாதி ஏறியிருப்போம். பையன்கள் இரண்டு பேர் பையிலிருந்து டிரோனை எடுத்துப் பறக்கவிட்டார்கள். தேனீக் கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல். எதிரே செங்குத்தாக நின்ற பாறையின் இடுக்கிலிருந்து பெரிய பறவை ஒன்று கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கத் தொடங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் விறுவிறுவென்று ஏறி வந்தார். எழுபது வயதிருக்கும். மூச்சு வாங்கவில்லை.

"யாரைக் கேட்டு ஏறுனீங்க?"

"ஐயா, இது இப்ப பாரம்பரியத் தலம். எல்லாரும் வந்து பாக்கலாம்னு அரசாங்கமே சொல்லியிருக்கு."

"அரசாங்கம் பேரு வச்சது போன மாசம். அந்தப் பொட்டை முட்டையில உக்காந்திருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள அது திரும்பி வந்து உக்காரணும். முதல்ல அந்தச் சனியனை இறக்குங்க, அப்புறம் நீங்க இறங்குங்க."

இறங்கினோம். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனால் வெட்கத்தைவிட அந்தக் கேள்விதான் என்னோடு தங்கிவிட்டது. யாரைக் கேட்டு ஏறினேன்? வனத்துறையைக் கேட்டிருந்தால் சரியாகியிருக்குமா? தொல்லியல் துறையை? இந்த இரண்டு பேரிடமும் முறையாக எழுதிக் கேட்டிருந்தாலும் அந்தப் பறவை முட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சுற்றுச்சூழல் சுற்றுலா, பாரம்பரியச் சுற்றுலா என்று பேசுகிற எல்லாரும் 'உள்ளூர் மக்கள் பங்கேற்பு' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த வரிக்கு என்ன பொருள் என்று கேட்டால், டீக்கடை வைப்பார்கள், வண்டி நிறுத்தக் காசு வாங்குவார்கள், நாலு பேர் வழிகாட்டியாக வேலை பார்ப்பார்கள் என்று பதில் வருகிறது. அது வேலைவாய்ப்பு. வேலைவாய்ப்பு நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பங்கேற்பு அதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். 'இன்றைக்கு வராதே' என்று சொல்ல ஊருக்கு அதிகாரம் இருக்கிறதா? நான் பார்க்கிற அளவுகோல் இது ஒன்றுதான்.

அரிட்டாபட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரசு அறிவித்த பரப்பு சுமார் 193 ஹெக்டேர். பெரும்பகுதி மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் இருக்கிறது, மிச்சம் மதுரை கிழக்குப் பகுதியைச் சேர்ந்த மீனாட்சிபுரத்தில். தனித்தனியாக எழும்பி நிற்கும் ஏழு பாறைக் குன்றுகள். அவற்றில் பெய்கிற மழை அப்படியே வழிந்து இறங்கிக் கீழே நிற்கும். 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அரசின் அறிவிப்பிலேயே கணக்கு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் அவை கண்மாயும் சுனையும். ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது என்கிறார்கள். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு. மூன்றுமே மனிதக் கால் படாத செங்குத்துப் பாறைகளில் கூடு வைக்கக்கூடியவை. கீழே புதர்களில் தேவாங்கும் அழுங்கும் மலைப்பாம்பும் இருக்கின்றன.

குன்றுகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கழுகு மலை. தேன்கூட்டு மலை. கூகைக்கத்தி மலை, அதாவது கூகை கத்துகிற மலை. எந்த உயிர் எந்தப் பாறையில் இருக்கிறது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்த ஊர் என்றைக்கோ எழுதிவிட்டது, தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் கல்வெட்டு. கழிஞ்சமலையில் இயற்கையான குகைத்தளம் ஒன்று இருக்கிறது, தரையில் கற்படுக்கைகள். மேலே நெற்றிப் பாறையில் தமிழ் பிராமி எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவர் இந்த முழாகையைக் கொடுத்தார் என்று அதற்குப் பொருள். முழாகை என்றால் குகை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒரு வரியில் பெயரும் ஊரும் கொடையும் இருக்கின்றன. பக்கத்திலேயே தீர்த்தங்கரர் சிற்பமும் பிற்கால வட்டெழுத்தும். குன்றின் இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். அதில், பாசுபத சைவர்கள் சிவனின் அவதாரமாகப் போற்றும் லகுலீசரின் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் லகுலீசரைப் பார்ப்பது அரிது, அதற்காகவே ஒருமுறை போகலாம்.

மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் ஓவாமலைக்குப் போனால் இன்னும் பழைய எழுத்து. நெடுஞ்செழியன் பெயர் அங்கேதான் கல்லில் கிடைத்தது. 1882-இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் அதைக் கண்டறிந்தார். எழுத்து பிராமியாக இருந்தாலும் மொழி தமிழ்தான் என்று 1924-இல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அங்கே எனக்கு மிகவும் பிடித்தது அரசன் பெயர் வரும் வரி இல்லை. 'வெள்ளறை நிகமத்தோர்' கொடுத்தார்கள் என்று சொல்லும் வரி. நிகமம் என்றால் வணிகர் குழு. ஒரு குழு கூடிப் பேசி, பணம் போட்டு, துறவிகளுக்காகக் குகையைச் செப்பனிட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த வெள்ளறை பக்கத்து வெள்ளரிப்பட்டிதான் என்று சொல்பவர்களும் உண்டு. பாரம்பரியத்தை ஊர் கூடிப் பார்த்துக்கொள்வது இந்த மலைகளுக்குப் புதிதில்லை.

பிற்காலக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். கொடைகளைச் சொல்லி முடித்ததும் 'இது பன்மாகேஸ்வரர் ரக்ஷை' என்று ஒரு வரி வரும். கொடுத்தவர் போய்விடுவார், இதைக் காப்பது உங்கள் பொறுப்பு என்று சிவனடியார் கூட்டத்தாரிடம் ஒப்படைக்கிற வரி அது. அதைப் படிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஞாபகம்தான் வருகிறது.

மேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் கிரானைட்டுக்காக மலைகள் அறுக்கப்பட்டது ஊரறிந்த கதை. கீழவளவுப் பக்கம் போனால் குன்று இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். அந்தக் கத்தி அரிட்டாபட்டிப் பக்கமும் வந்தது. ஊர் மறித்தது. பாரம்பரியத் தலம் என்ற பெயரெல்லாம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வழக்கும் போராட்டமுமாக நின்று மறித்தார்கள். நாம் இன்றைக்குப் போய்ப் பார்க்க ஒரு மலை இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதுதான்.

2024 நவம்பர் 7 அன்று மறுபடியும் ஒரு செய்தி வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேர் ஏலம் விடப்பட்டிருந்தது. பல்லுயிர்த் தலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் இருந்தது. அடுத்த இரண்டரை மாதம் அந்தப் பக்கத்து ஊர்களில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, வல்லாளப்பட்டி, தெற்குத்தெரு, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி. சாதியும் கட்சியும் பார்க்காமல் மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத் திடலில், உட்கார்ந்தார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கான பேர் நடந்தே வந்தார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்ததைப் பார்த்தேன். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த நடையில் எனக்குப் பக்கத்தில் வந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். குகைக் கல்வெட்டைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா சின்னப் புள்ளையில அந்தச் சுனைத் தண்ணியத்தான் குடிச்சேன்" என்றார். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த நான் அந்தச் சுனையில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போராட்டம் முடிந்ததும் அரிட்டாபட்டி நாடறிந்த ஊர் ஆகிவிட்டது. சனி, ஞாயிறுகளில் கார்கள் வருகின்றன. இனிமேல்தான் உண்மையான சோதனை. சுரங்கம் ஒரே நாளில் அழிப்பதைக் கட்டுப்பாடு இல்லாத சுற்றுலா பத்து வருடத்தில் அழித்துவிடும். அதை எதிர்த்து யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். வருபவர்கள் எல்லாரும் மலையை நேசிப்பவர்கள், அன்றைக்கு நான் நேசித்த மாதிரி.

பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பாறை ஏற இதமான காலம் மார்கழியும் தையும் மாசியும்தான். சித்திரையில் ஏறினால் கால் வெந்துவிடும். ஆனால் ராஜாளியும் வல்லூறும் கூடு வைத்து முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதும் ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அதே மாதங்களில்தான். சுற்றுலாவின் நல்ல பருவமும் பறவையின் பிள்ளைப்பேறும் ஒன்றாக வருகின்றன. மதுரையில் உட்கார்ந்து ஓர் அதிகாரி 'டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மூடப்படும்' என்று பலகை வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள், ஊருக்கு ஒரு பைசா கிடைக்காது. பலகை வைக்காவிட்டால் கூடு போய்விடும். எந்த வருடம் எந்தப் பாறையில் கூடு, எந்தப் பக்கம் ஏறினால் பறவைக்குத் தொந்தரவு இல்லை, எந்த வாரம் குஞ்சு பறந்துவிட்டது என்று தினமும் பார்க்கிறவர்கள் சொன்னால்தான் இரண்டையும் காப்பாற்ற முடியும். தினமும் அங்கே இருப்பது ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும்தான்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களுக்காகத் தேசிய உயிர்ப்பன்மை ஆணையம் வகுத்த நெறிமுறைகளில், உள்ளூர் மக்களின் வழக்கமான பயன்பாடுகளுக்கு இந்த அறிவிப்பால் எந்தத் தடையும் வராது, அவர்களாகவே விரும்பி முடிவு செய்யும் கட்டுப்பாடுகளைத் தவிர என்று இருக்கிறது. 'அவர்களாகவே விரும்பி' என்ற சொற்களை நான் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். அதன்படி நடந்தால் கட்டுப்பாடு ஊர்க்கூட்டத்திலிருந்து வர வேண்டும். நடைமுறையில் அறிவிப்பு வந்ததுமே ஊர்களில் எழுந்தது பயம்தான். ஆடு மேய்க்க விடுவார்களா, கண்மாயில் மீன் பிடிக்க விடுவார்களா, குலசாமி கோயிலுக்கு வேலி போட்டுவிடுவார்களா? நியாயமான பயம். இந்த நாட்டில் காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் காட்டில் இருந்தவர்களை வெளியேற்றிய கதைகள் ஏராளம்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. தேக்கடிக்குப் போன வருடம் போயிருந்தேன். மேலூர் வயல்களுக்கு வருகிற பெரியாற்றுத் தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது, அதனால் எனக்கு அது அந்நிய ஊராகத் தோன்றுவதில்லை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990-களில் வயணாப் பட்டை, அதாவது காட்டு இலவங்கப் பட்டை, உரித்துக் கடத்துவது பெரிய தொழிலாக இருந்தது. குமுளிப் பக்கத்தில் அதைச் செய்துகொண்டிருந்த 23 பேரோடு வனத்துறை 1998 வாக்கில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. வழக்குகளைத் திரும்பப் பெறுவது, பதிலுக்கு அவர்கள் காட்டைக் காப்பது. அவர்களைக் கொண்டே சூழல் மேம்பாட்டுக் குழு ஒன்று அமைந்தது. பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவதும், அதே நடையில் காவல் பார்ப்பதும் அவர்கள் வேலை. கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போனது. மன்னான், பளியர் குடியினருக்கும் தனித்தனிக் குழுக்கள் வந்தன. 2002-இல் பெண்கள் வசந்த சேனை என்று ஓர் அணி சேர்ந்து, கூலி எதுவும் வாங்காமல் காட்டுக்குள் ரோந்து போகத் தொடங்கினார்கள்.

அங்கே எங்களைக் கூட்டிப்போனவர் தமிழ் பேசினார். புல் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பார்த்து, யானை போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொன்னார். சருகில் சத்தம் வராமல் கால் வைப்பது எப்படி என்று என் மகளுக்குக் காட்டிக் கொடுத்தார். அந்த வித்தையை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுக்கொள்ள முடியாது. காட்டை அறிந்தவனைக் குற்றவாளி என்று மட்டும் பார்த்திருந்தால் அந்த அறிவு ஜெயிலுக்குள் போயிருக்கும். அதைக் கூலிக்கு வேலை பார்க்கும் அறிவாக மட்டும் வைக்காமல் குழுவாக அமைத்ததில்தான் பெரியாற்றின் வெற்றி என்று நினைக்கிறேன்.

குறையும் இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். குமுளியில் தங்கும் விடுதிகள் எத்தனை என்று பார்த்தால், பயணிகள் செலவழிக்கும் பணத்தில் காட்டுக்குள் நடப்பவர்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று யாரும் ஊகிக்கலாம். வாசலில் நிற்பவருக்குக் கொஞ்சம், வாசலுக்கு வெளியே கட்டடம் கட்டியவருக்கு நிறைய. கேரளத்தின் குமரகத்தில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். 2008 வாக்கில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில் ஊராட்சியும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் சேர்ந்து, நட்சத்திர விடுதிகளின் அடுப்படிக்கே உள்ளூர்க் காய்கறியைக் கொடுத்தன. பணம் ஊருக்குள் ஓட ஒரு வாய்க்கால் வெட்டிய மாதிரி.

இன்னொரு ஊர், அதுவும் மேலூருக்குப் பக்கத்திலேயே. திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் நத்தைகொத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும், சத்தத்தில் கலைந்துவிடும் என்பதற்காக. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வேட்டு கிடையாது. வருடா வருடம் வனத்துறை இனிப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஒரு தீபாவளி சாயங்காலம் அங்கே கரையில் நின்றிருக்கிறேன். தூரத்து ஊர்களில் வெடிச் சத்தம். இங்கே பலகாரம் சுடுகிற எண்ணெய் வாசம், குழந்தைகள் புதுச்சட்டையோடு ஓடுவது, மரங்களில் நாரைகள் அலகைத் தட்டும் சத்தம். வெடி வேண்டாம் என்று அந்தக் குழந்தைகளுக்கு யாரும் சட்டம் காட்டவில்லை. தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், அவ்வளவுதான். அந்தத் தீபாவளியைப் பார்க்க ஆயிரம் பேர் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, அதைப் பற்றி இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

மேலூர்ப் பக்கத்து மீன்பிடித் திருவிழாவுக்கு அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் காலத்தில், ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை கரையில் காத்திருந்த சனம் மொத்தமும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகத் தண்ணீரில் இறங்கும். வெளியூர்க்காரர் என்று யாரும் கிடையாது, யார் வேண்டுமானாலும் இறங்கலாம். பிடித்த மீனை விற்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். அடுத்த வருடம் மழை பெய்யும், கண்மாய் நிறையும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. இதைவிடப் பெரிய வரவேற்பை நான் எந்தச் சுற்றுலாத் தலத்திலும் பார்த்ததில்லை. ஆனால் இப்போது கரையில் மீன் பிடிப்பவர்களுக்குச் சமமாகக் கேமரா பிடிப்பவர்கள். ஒரு முறை, படம் சரியாக வரவில்லை, மறுபடியும் துண்டை வீசுங்கள் என்று ஒருவர் பெரியவரிடம் கேட்டதை என் காதால் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் திரும்பி நின்றுகொண்டார்.

பண்பாட்டுப் பாரம்பரியத்தைச் சுற்றுலாவாக்குவதில் எனக்கு இருக்கும் பெரிய பயம் அதுதான். பறவையாவது பறந்துபோய்விடும். மனிதர்கள் போகாமல் நின்று, கேட்டபடி நடித்துக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

மொழியிலும் ஒரு விஷயம். அந்தக் கற்படுக்கைகளை நாங்கள் சமணர் படுக்கை என்கிறோம். ஊரில் பல பேர் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது இரண்டையும் சொல்கிறேன். இங்கே துறவிகள் படுத்தார்கள் என்பது வரலாறு. வந்து தங்கிப்போன பெரியவர்கள் யாரோ இருந்தார்கள் என்று ஊர் இரண்டாயிரம் வருடம் ஞாபகம் வைத்திருந்ததும் வரலாறுதான். உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கும்போது கல்வெட்டுப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பாட்டி கதையை மறக்கச் சொல்லக்கூடாது. மதுரைக்காரன் எழுதிக் கொடுத்ததை அவர்கள் ஒப்பிப்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் வர வேண்டாம்.

என்ன செய்யலாம் என்று ஊரில் சிலரோடு பலமுறை உட்கார்ந்து பேசியிருக்கிறேன். மந்தையில், டீக்கடையில், ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில். அவர்கள் கேட்டதெல்லாம் எளிமையானவை. வண்டி ஊருக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் ஊர் வழியாக நடந்து, ஊர்ப் பிள்ளை ஒருவரோடுதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதை ஊராட்சி வைக்க வேண்டும், கூடு இருக்கும் பாறையை அந்த வருடத்துக்கு மூடும் உரிமையோடு. கழிப்பறை வேண்டும், முதலில் ஊர்ப் பெண்களுக்கு, அப்புறம் வருபவர்களுக்கு. வசூலாகும் பணத்தின் கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும், அதில் ஒரு பங்கு வரத்துக்கால் தூர்வாரவும் மடை பழுது பார்க்கவும் போக வேண்டும். கண்மாய் நிறைந்தால்தான் பறவை வரும், பறவை வந்தால்தான் நீங்க வருவீங்க என்றார் ஒருவர். எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

சாப்பாடு பற்றிப் பெண்கள்தான் பேசினார்கள். வீட்டில் சமைத்துப் போடுவதில் சந்தோஷம்தான், ஆனால் முந்தின நாளே எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும், எவர்சில்வர் தட்டில்தான் போடுவோம், பிளாஸ்டிக் தாள் வைத்த தட்டு வேண்டாம் என்றார்கள். ஓர் அத்தாச்சி கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை: "குழுவுல எங்க பேரை எழுதிக்கிருவீங்க. கூட்டம் போடையில காட்டு வேலைக்குப் போன நேரமாப் பாத்துப் போட்டா நாங்க எப்படி வர்றது?" பங்கேற்பு பற்றிப் பேசும் கருத்தரங்குகள் எல்லாம் காலை பதினொரு மணிக்கு நடக்கின்றன. அந்த நேரத்தில் அவர்கள் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஊர் என்றால் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. ஊருக்குள் நிலம் உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்கள் உண்டு. ரோட்டோரத்தில் வீடு இருப்பவருக்கு முதல் கடை கிடைக்கும், கடைசித் தெருவில் இருப்பவருக்குக் குப்பை பொறுக்கும் வேலை கிடைக்கும். யார் வழிகாட்டி, யார் சமையல், யார் துப்புரவு என்பது பழைய கோட்டிலேயே போய் நின்றுவிடாமல் பார்க்க வேண்டும். முறை வைத்துச் சுற்றுகிற ஏற்பாடு இருந்தால் ஓரளவு நடக்கும். கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. டங்ஸ்டனுக்கு எதிராக ஒரே பந்தலில் உட்கார்ந்தவர்கள் இதற்கும் உட்காருவார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பொது எதிரி இருக்கும்போது ஒன்று சேர்வது போல அவ்வளவு சுலபமாக இருக்காது.

என்னைப் பொறுத்தவரை சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். நாற்பது பேர் இல்லை, எட்டுப் பேர். டிரோன், ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. கூட்டின் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட மாட்டோம், பாறையின் பெயரையும் எழுத மாட்டோம். ஊர்ப் பையன் ஒருவன் கூட்டிப் போகிறான், பி.ஏ. வரலாறு படிக்கிறான். கல்வெட்டை அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். பறவைகளை அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான், அவனுக்கு அவன் தாத்தா. டிரோனை இறக்கச் சொன்ன அதே பெரியவர்தான் அந்தத் தாத்தா என்பது இரண்டாவது முறை போனபோதுதான் தெரிந்தது. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னைக்கு எத்தனை பேரு?" என்று மட்டும் கேட்டார்.

இந்த மாசியில் சென்னையிலிருந்து என் தங்கை குடும்பம் வந்திருந்தது. லகுலீசரையும் கல்வெட்டையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். ஒரு நிமிஷம் அண்ணே என்று சொல்லிவிட்டுத் தாத்தாவிடம் கேட்கப் போனான். முற்றத்தில் ஆடு கத்துவது போனில் கேட்டது.

"கோயிலுக்கு வாங்க, அம்மா சோறு ஆக்கி வைக்கிறேன்னு சொல்லுது. குகைப் பக்கம் மட்டும் இப்ப வேணாமாம்ணே. குஞ்சு இன்னும் பறக்கலையாம். அடுத்த மாசம் வாங்க."

சரி தம்பி என்றேன்.